ஒளி புகும் பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டும் முறை

புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பிம்ப்ரியையும் சிஞ்ச்வாடையும் கடந்தால் வருவது ஆகுர்டி. ஸ்கூட்டரின் பெயரோடு சேர்த்தே நெடுங்காலம் அறியப்பட்ட ஊர் இது. இங்கிருந்த பஜாஜ் ஆலையில் வாகன உற்பத்தி 2007ஆம் ஆண்டில் நின்றது. 2022இல் மின்சார ஸ்கூட்டருக்கென ஒரு புதிய ஆலை அதே ஊரில் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைகளின் கதை இப்படி ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஆனால் இத்தகைய ஆலைகளை அண்டிப் பிழைக்கும் சிறு பட்டறைகளுக்கு வேலை ஒரு வழியில் அடைத்தால் மற்றொரு வழியில் திறக்கும். இயந்திரத்தின் முன்னே கையை உள்ளே விடாதபடி தடுக்கும் கண்ணாடி போன்ற மறைப்பு, கடைக்குப் பெயர்ப் பலகை, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேடயம், இனிப்புக் கடைக்குப் பெட்டி, வீட்டுக்கு மீன் தொட்டி என இவை யாவும் ஒளி புகும் பிளாஸ்டிக் தகட்டில் செய்யப்படுபவை. ஊரை விட்டு வந்து இத்தகைய தொழிலில் கை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும், வீட்டில் பொழுதுபோக்காக இதைச் செய்து பார்ப்பவர்களுக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தகட்டை அறுப்பதும் துளைப்பதும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளக் கூடியவை. ஒட்டுவது அப்படியன்று. தண்ணீர் போன்ற ஒரு திரவத்தை இரண்டு துண்டுகளுக்கு இடையே விடுகிறார்கள். சில விநாடிகளில் ஒட்டிக்கொள்கிறது. அது என்ன திரவம், ஏன் ஒட்டுகிறது, அதன் ஆவி உடம்புக்குள் சென்று என்ன செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலான பட்டறைகளில் விடை கிடைப்பதில்லை. வேலை தெரிந்தவர் கையில் வேலை சுத்தமாக அமைகிறது; அவருடைய தலைவலிக்கு மட்டும் காரணம் தெரிவதில்லை.

முதலில் தகட்டைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நாம் அக்ரிலிக் என்று அழைக்கும் பொருளின் ரசாயனப் பெயர் பாலிமெதில் மெதாக்ரிலேட். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் 1933இல் இதற்குப் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயர் சூட்டியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் இது வெளிவந்தது. விழும் ஒளியில் ஏறத்தாழ 92 சதவிகிதத்தை உள்ளே விடும். எடையோ கண்ணாடியின் எடையில் பாதிதான். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் முகப்பு மூடிகள் இதனால் ஆயின. குண்டடிபட்ட விமானங்களில் இருந்தவர்களின் கண்களில் இதன் சிதறல்கள் தைத்தும் கண் அழற்சி காணவில்லை என்பதைக் கவனித்த ஹாரால்டு ரிட்லி என்ற மருத்துவர், 1949இல் லண்டனில் கண்புரை எடுத்த கண்ணுக்குள் இப்பொருளாலான வில்லையை வைத்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலாப் 1992இல் தொடங்கி, உள்விழி வில்லைகளை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்யத் தலைப்பட்டது நம்மில் பலர் அறிந்த செய்தி. ஆகவே தகடு சாதுவானது. கண்ணுக்குள்ளே வைத்தாலும் தீங்கு செய்யாதது. தீங்கு தகட்டில் இல்லை, ஒட்டும் திரவத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மரத்தை ஒட்டும் பசை மரத்துக்கு அந்நியமானது. இரண்டு பலகைகளுக்கும் நடுவே மூன்றாவது பொருளாக நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அக்ரிலிக்கை ஒட்டும் கரைப்பான் அப்படி நிற்பதில்லை. அக்ரிலிக்கின் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. சிக்குண்ட நூல்கண்டு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். கரைப்பான் பட்டதும் மேற்பரப்பில் உள்ள நூல்கள் நெகிழ்ந்து, ஊறி, அசையத் தொடங்குகின்றன. நெகிழ்ந்த இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொடும்போது இந்தப் பக்கத்து நூல் அந்தப் பக்கம் நுழைகிறது. அந்தப் பக்கத்து நூல் இந்தப் பக்கம் வருகிறது. பிறகு கரைப்பான் மெல்ல ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது தகடு மட்டுமே. நன்றாக அமைந்த ஒட்டில் கோடு கூடத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை இணைக்கும்போது பூசுகிறார்களே, அந்தப் பி.வி.சி. சிமெண்டும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். அதில் கரைப்பானோடு பிளாஸ்டிக் தூளும் கரைந்திருப்பதால் கூழாக இருக்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பெறப்படும். எந்தப் பிளாஸ்டிக்கைக் கரைப்பான் கரைக்குமோ அதைத்தான் ஒட்டும். அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிஸ்டிரீன், பி.வி.சி. ஆகியவை கரைப்பானுக்கு இணங்குபவை. வாளியும் பால் பையும் செய்யப்படும் பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் ஆகியவை இணங்கா. எத்தனை முறை பூசினாலும் திரவம் காய்ந்து போகுமே தவிர ஒட்டாது. கையில் உள்ள தகடு எது என்று தெரியாவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துப் பார்க்கலாம். அதுவும் இல்லையானால் ஓரத் துண்டு ஒன்றை வளைத்துப் பார்க்க வேண்டும். அக்ரிலிக் சிறிது வளைந்து பட்டென்று ஒடியும். பாலிகார்பனேட் ஒடியாமல் மடங்கும். கொளுத்தி முகர்ந்து பார்த்து இனம் காணும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும் என்பதால் அதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

இனி வேலைக்கு வருவோம். ஒட்டு நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் திரவத்தின் தரத்தைக் காட்டிலும் ஓரத்தின் தரத்தையே பொறுத்தது. இதைச் சொன்னால் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. ரம்பத்தில் அறுத்த ஓரம் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் அதில் பல் பதிந்த பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களே பின்னர் ஒட்டில் காற்றுக் குமிழிகளாகக் காட்சியளிக்கும். ஆதலால் ஓரத்தை அரத்தாலோ கூரிய எஃகுத் தகட்டாலோ சீவி, நுண்ணிய உப்புத்தாளை ஒரு சமமான கட்டையில் சுற்றித் தேய்த்து, மூலை மழுங்காமல் சமப்படுத்த வேண்டும். மெருகேற்றத் தேவையில்லை. தீச்சுடரைக் காட்டி ஓரத்தைப் பளபளப்பாக்கும் வித்தை ஒன்று உண்டு. அது வெளியே தெரியும் ஓரத்துக்கு அழகு. ஒட்டப்போகும் ஓரத்துக்குக் கேடு. சூடு பட்டு ஆறும்போது தகட்டுக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. கரைப்பான் அந்த இடத்தைத் தொட்டதும் மயிரிழை போன்ற நூறு வெடிப்புகள் கிளம்பும். லேசர் கதிரால் அறுத்த ஓரங்களுக்கும் இதே குறை உண்டு. அறுத்த துண்டுகளை 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் தளரும். பெரிய பட்டறைகளில் இதற்குத் தனி அடுப்பு இருக்கிறது. வீட்டுச் சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டா.

இந்த இறுக்கத்தின் விளைவைக் கடைக்காரர்கள் பலர் 2020ஆம் ஆண்டில் கண்ணாரக் கண்டார்கள். கொரோனா நோய்க்கு அஞ்சிக் கல்லாவின் முன்னே அக்ரிலிக் தடுப்புகளை வைத்தார்கள். கைக்குத் தெளிக்கும் சாராயக் கலவையையே அவற்றின் மேலும் தெளித்துத் துடைத்தார்கள். வளைத்த இடங்களிலும் துளையிட்ட இடங்களிலும் ஒட்டிய மூலைகளிலும் தகடு மங்கி விரிசல் விட்டது. தகட்டைக் குறை சொன்னார்கள். சாராயத்தைத் தகட்டில் காட்டலாகாது என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

சமப்படுத்திய துண்டுகளை ஒட்டும் நிலையிலேயே நிறுத்தி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, நகராதபடி லேசாகப் பிடித்து வைக்க வேண்டும். இறுக்கிப் பூட்டினால் திரவம் வெளியே பிதுங்கி ஒட்டு வறண்டுபோகும். தகட்டின் மேலுள்ள காகிதத்தை ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை உரித்து விட வேண்டும். உரிக்காவிட்டால் திரவம் காகிதத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஓடி மேற்பரப்பைக் கெடுத்துவிடும். பிறகு ஊசிமுனையுள்ள பாலிதீன் குப்பியில் சிறிதளவு திரவத்தை எடுத்து, இடுக்கின் ஓரமாக ஒரே சீராக இழுத்துச் செல்ல வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அந்த நுண்ணிய இடுக்கு திரவத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெண்மை மறைந்து இடுக்கு தெளிவாவதை நாம் நேரில் பார்க்கலாம். இத்தொழிலில் மனத்துக்கு நிறைவு தரும் கணம் இதுவே என்று தோன்றுகிறது.

சற்றுப் பெரிய தகடுகளானால் இடுக்கில் மெல்லிய கம்பித் துண்டுகளைச் செருகி வைத்து, திரவத்தை விட்டு, பதினைந்து இருபது விநாடிகள் பொறுத்துக் கம்பிகளை உருவிவிடுவது வழக்கம். பரப்பு நன்றாக நெகிழ அந்த அவகாசம் உதவுகிறது. தகட்டின் முகத்தில் ஒரு துளி சிந்திவிட்டால் கை தானாகவே துணியைத் தேடும். துடைத்தால் அந்தத் துளி ஒரு சாண் நீளத்துக்கு மங்கலாகப் பரவும். துடைக்காமல் விட்டால் சிறு வடுவோடு போய்விடும். ஐந்து பத்து நிமிடங்களில் துண்டுகள் கையால் தூக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். ஆயினும் ஒரு நாள் முழுவதும் கழியாமல் துளைப்பதோ தேய்ப்பதோ கூடாது. உள்ளே ஊறிய கரைப்பான் முற்றும் வெளியேற அதற்கும் மேல் நாட்கள் ஆகும்.

மழைக் காலத்தில் ஒரு தொல்லை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனே வட்டாரத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிகிறது. ஒட்டு பாலைப் போல வெளுத்துவிடுகிறது. ஈரமில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கலந்த சிமெண்டை வாங்குவது மற்றொரு வழி. ஜன்னல்களை மூடிக்கொண்டு வேலை செய்வது மூன்றாவது வழி. பலரும் கைக்கொள்வது இதுதான். இதைத்தான் செய்யக் கூடாது.

ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டுமானால் அந்தத் திரவத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அக்ரிலிக் சிமெண்ட் என்று பல பெயர்களில் விற்கப்படுபவற்றில் பலவற்றின் முக்கியப் பொருள் மெதிலீன் குளோரைடு. டைகுளோரோமீத்தேன் என்பதும் அதுவே. நம் நாட்டுப் பெயர்ப் பலகைக் கடைகளில் இதற்குப் பதிலாகக் குளோரோபார்மையே நேரடியாகப் பயன்படுத்துவதும் சாதாரணம். இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. காவிரிக் கரையில் மேட்டூர் ரசாயன ஆலையில் தயாராகும் பொருள்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. நம் ஊர்த் தண்ணீரும் உப்பும் மின்சாரமும் சேர்ந்து பிறந்த திரவம், நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி வெளிமாநிலப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

மெதிலீன் குளோரைடு 40 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதாரண அறை வெப்பத்தில் திறந்து வைத்தால் கண் முன்னே குறையும். அதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. மேலே எழாமல் தாழ்ந்து தரையில் தேங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் இந்த ஆவி எட்டு மணி நேரச் சராசரியில் இருக்கக் கூடாது என்றும், கால் மணி நேரத்துக்குக் கூட 125 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1997இல் வரையறுத்தது. இது எவ்வளவு சிறிய அளவு என்பதற்கு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளமும் அகலமும் உயரமும் பத்துப் பத்து அடியுள்ள ஓர் அறை. அதில் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி, மெதிலீன் குளோரைடு ஆவியாகிறது. அது ஏறத்தாழ நான்கு லிட்டர் ஆவியாகும். அறை மூடியிருந்தால் பத்து லட்சத்துக்கு 135 பங்கு. எட்டு மணி நேர வரம்பைப் போல் ஐந்து மடங்கு; கால் மணி நேர வரம்பையும் தாண்டிவிட்டது. தரையோரமாகக் கணக்கிட்டால் இன்னும் அதிகம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து வேலை செய்யும் நம் வழக்கத்தையும், அதே அறையில் தவழும் குழந்தையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வாசனை வந்தால் எழுந்து போகலாமே என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலோர் மூக்குக்கு இதன் இனிய மணம் தெரிவதே 200 பங்குக்கும் மேலேதான். மணம் எட்டும்போது வரம்பு பல மடங்கு கடந்திருக்கும். சிறிது நேரத்தில் மூக்கும் பழகிவிடும். மூக்கைக் காவலாக வைத்து இவ்வேலையைச் செய்ய இயலாது.

உடம்புக்குள் சென்ற மெதிலீன் குளோரைடு இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது மயக்கம். தலை கிறுகிறுத்து, பேச்சுக் குழறி, அளவு மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் பழைய குளியல்தொட்டிகளுக்குப் புதிய பூச்சுப் பூசுவதற்காக, இத்திரவத்தால் பழைய பூச்சை நீக்கிய தொழிலாளர்களில் 13 பேர் 2000 முதல் 2011 வரை உயிரிழந்தார்கள். சன்னலற்ற சிறு குளியலறை, குனிந்த முகம், தொட்டிக்குள் தேங்கிய ஆவி. பலரும் தனியாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அந்நாட்டு அரசு 2019இல் வீட்டு உபயோகத்துக்கான பூச்சு நீக்கிகளில் இதைத் தடை செய்தது. 2024இல் மற்றப் பெரும்பாலான உபயோகங்களுக்கும் தடையை விரித்து, சில தொழில்களுக்கு மட்டும் கடுமையான நிபந்தனைகளோடு இடம் அளித்தது.

இரண்டாவது காரியம் அதைவிட வஞ்சகமானது. நம் ஈரல் இத்திரவத்தைக் கார்பன் மோனாக்ஸைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு எரித்துத் தூங்கியவர்களைக் கொல்லும் அதே வாயு, வெளியிலிருந்து வராமல் உள்ளேயே உற்பத்தியாகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் திணறுகிறது. கொழுப்பில் தங்கிய கரைப்பான் மெல்ல மெல்லக் கசிவதால், வேலையை விட்டு வீட்டுக்குப் போன பின்னரும் இது பல மணி நேரம் தொடரும். இரத்த ஓட்டக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்து. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் கருவியைப் பலரும் வாங்கி வைத்திருக்கிறோம். அதை மாட்டிப் பார்த்து, எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டா. அந்தக் கருவிக்குப் பிராணவாயு ஏறிய இரத்தமும் கார்பன் மோனாக்ஸைடு ஏறிய இரத்தமும் ஒன்றுபோலவே தெரியும். மருத்துவமனையில் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அதற்கு, இன்ன திரவத்தோடு வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் நாம் சொல்ல வேண்டும். மராத்தியோ இந்தியோ சரியாக வராவிட்டாலும் கவலையில்லை. மெதிலீன் குளோரைடு என்ற பெயர் எந்த மொழி மருத்துவருக்கும் விளங்கும். புட்டியின் சீட்டைக் கைப்பேசியில் படமாக எடுத்து வைத்திருப்பது இன்னும் நல்லது. இது புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2014இல் மதிப்பிட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் குளோரோபார்ம் மேலா? நம் நாட்டிலேயே இதைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் குளோரோபார்மைப் பிரசவ வேதனை தணிக்கப் பயன்படுத்தினார். மறு ஆண்டே இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி, கால் விரல் நகத்தை எடுக்கக் கொடுத்த குளோரோபார்மில் இறந்துபோனாள். மூச்சு நின்று இறந்தாளா, இதயம் நின்று இறந்தாளா என்று அரை நூற்றாண்டு காலம் வாதிட்டார்கள். ஹைதராபாதில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர் நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும், இதயத்துக்குப் பயமில்லை என்று முடிவு கட்டினார். உலகெங்கும் ஹைதராபாதின் பெயர் மருத்துவ ஏடுகளில் அடிபட்டது. ஆனால் 1911இல் லீவி என்ற ஆராய்ச்சியாளர், குளோரோபார்மின் இலேசான மயக்கத்தில் அச்சமோ கிளர்ச்சியோ சேர்ந்தால் இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக் கூடும் என்பதை நிரூபித்தார். தேர்ந்த மருத்துவர்கள் நிறுத்து அளந்து கொடுத்தபோதே இப்படி ஏமாற்றிய பொருளைப் பட்டறையில் அளவில்லாமல் முகர்ந்துகொண்டிருக்கலாமா? ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் கேடு வேறு. இரண்டில் எது மேல் என்பது நம் கருத்தில் பொருத்தமான கேள்வியன்று.

இரண்டுக்கும் பொதுவான மற்றொரு குணத்தையும் அறிய வேண்டும். இவை எளிதில் தீப்பற்றுவதில்லை. ஆதலால் சுடர் பக்கத்தில் இருந்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். ஆவி சுடரில் பட்டுச் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உண்டாகின்றன. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற வாயு இந்தப் பாஸ்ஜீன். குளோரோபார்ம் வெளிச்சமும் காற்றும் பட்டு நாள்பட்டாலே சிறிது பாஸ்ஜீனாக மாறும். அதனால்தான் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, சிறிது சாராயமும் கலந்து வைக்கிறார்கள். எனவே சமையலறையிலும், பூஜை விளக்கு எரியும் இடத்திலும், ஊதுவத்தி, பீடி, சிகரெட் முதலிய எந்த நெருப்புக்கு அருகிலும் இத்திரவத்தைத் திறக்கக் கூடாது. குளோரின் இல்லாத கரைப்பான்களும் உண்டு. மெதில் எதில் கீட்டோன், டெட்ராஹைட்ரோபியூரான் போன்றவை அவ்வினம். அவற்றின் ஆவி பெட்ரோலைப் போலவே தீப்பற்றும். ஒரு கஷ்டத்தை விட்டு மற்றொரு கஷ்டத்தைப் பிடிப்பதுதான். ஆனாலும் தீயைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

காப்புக்கு என்ன வழி? காற்றுதான் முதல் வழி. திறந்த வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ, மேஜையின் மேல் வைத்து, காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்று வேலை செய்யலாம். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் உடம்பின் முன்னே சுழன்று ஆவியை முகத்துக்கே கொண்டுவரும். பட்டறையானால் மேஜைக்குப் பின்னே தாழ்வான உயரத்தில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். கூரையோரத்து விசிறி இந்தக் கனத்த ஆவிக்குப் பயன் தராது. குளிர்சாதன அறை இவ்வேலைக்கு முற்றிலும் ஆகாது. அதே காற்று சுற்றிச் சுற்றி வரும்.

துணியைக் கட்டிக்கொள்வதாலும், தூசிக்குப் பயன்படும் முகமூடியாலும் ஆவியைத் தடுக்க முடியாது. கரி அடைத்த முகமூடி கூட மெதிலீன் குளோரைடை வெகு நேரம் தாங்காது என்பதால், அளவு மிகும் இடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் சாதனமே வேண்டும் என்று சட்டம் வகுத்த நாடுகள் உண்டு. கையுறையும் அப்படியே. மருத்துவமனையில் அணியும் மெல்லிய ரப்பர், நைட்ரைல் உறைகளை இது சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். சிந்தினால் உடனே கழற்றி எறிய வேண்டும்; ஈரமான உறையைப் போட்டுக்கொண்டே இருப்பது வெறுங்கையைவிட மோசம், ஏனெனில் திரவம் ஆவியாக வழியின்றித் தோலோடு ஒட்டி நிற்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். ஊசிமுனை அடைத்துக்கொண்டால் குப்பியை அழுத்துவோம். அடைப்பு விடும்போது திரவம் பீறிடுவது முகத்துக்குத்தான். அந்தக் காப்புக் கண்ணாடியும் பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனது. திரவம் பட்டால் அதுவும் கரைந்து மங்கும் என்பது ஒரு வேடிக்கை. மங்கினாலும் கண் பிழைக்கும்.

புட்டியை வைக்கும் இடமும் முக்கியம். ஏப்ரலில் புனேயின் வெயில் 40 பாகையை எட்டும் நாட்கள் உண்டு. மெதிலீன் குளோரைடின் கொதிநிலையும் அதுவே என்று முன்னமே சொன்னோம். தகரக் கூரையின் கீழ் இருந்த புட்டியைச் சட்டென்று திறந்தால் சோடா போலப் பொங்கும். நிழலில் குளிரவைத்து, முகத்தை விலக்கி, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பெரிய புட்டியிலிருந்து சிறிதளவை மற்றொரு புட்டிக்கு மாற்றும்போது குடிநீர்ப் புட்டியை எடுக்கவே கூடாது. பார்வைக்குத் தண்ணீர் போன்றது. ஒரே அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருக்கும் இளைஞர்களிடையே இரவில் தாகத்தோடு எழுபவர் சீட்டைப் பார்த்துக் குடிப்பதில்லை. மாற்றிய குப்பியின் மேல் அறையில் உள்ள எல்லோரும் படிக்கக் கூடிய மொழிகளில் பெயரும் நஞ்சு என்ற சொல்லும் எழுதி ஒட்ட வேண்டும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுவது நிலத்தடி நீரைக் கெடுக்கும். அன்றைய வேலைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்தால் மிச்சம் என்ற கேள்வியே எழாது.

யாராவது மயங்கி விழுந்தால், முதலில் கதவையும் சன்னலையும் திறக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிச் சென்று தூக்கப் பார்த்தவர் இரண்டாவது ஆளாக விழுந்த கதைகள் உண்டு. காற்றோட்டம் வந்த பின் வெளியே கொண்டுவந்து, நனைந்த உடையை நீக்கி, 112 அல்லது 108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

கரைப்பானே இல்லாமல் முடியும் வேலைகளும் பல. இயந்திர மறைப்புகளுக்குத் திருகாணியே சிறந்தது. துளையைத் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்தால் வெயிலில் தகடு விரிய இடம் இருக்கும். பெயர்ப் பலகையின் எழுத்துகளுக்கு இருபுறமும் ஒட்டும் தெளிந்த நாடா போதும். ஒரு நொடியில் ஒட்டும் சிறு குழாய்ப் பசையை மட்டும் தவிர்க்கலாம். ஒட்டைச் சுற்றி வெண்புகை படிந்தாற்போல் ஆகிவிடும்.

மீன் தொட்டி செய்ய விரும்புவோருக்குத் தனியாக ஒரு சொல். பெர்லின் நகர விடுதி ஒன்றின் முற்றத்தில், 16 மீட்டர் உயரத்தில், பத்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. விடியுமுன் நடந்ததால் மனித உயிர்கள் தப்பின. ஆராய்ந்த நிபுணர் ஒரே காரணத்தை அறுதியிட முடியவில்லை என்று கூறி, மூன்று சாத்தியங்களைச் சொன்னார்: ஒட்டில் குறை, அடிப்பகுதியில் விழுந்த கீறல், பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்து வைத்திருந்த காலத்தில் தகடு உலர்ந்தது. தேர்ந்தவர்கள் கட்டியதற்கே இந்த மூன்றும் பொருந்துமானால், தண்ணீர் போன்ற கரைப்பானால் மட்டும் ஒட்டிய வீட்டுத் தொட்டி இரண்டடி நீளத்துக்கு மேல் போவது உசிதமன்று. அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பாகங்களாக வரும், கலந்ததும் தானே இறுகும் அக்ரிலிக் பசையும் தேர்ந்த கையும் தேவை. சிறிய தொட்டியையும் ஒட்டி முடித்து, ஒரு வாரம் காற்றாட வைத்து, முதல் தடவை வீட்டுக்கு வெளியே சமமான தரையில் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பார்த்த பிறகு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மீனை விடலாம்.